கரிநாக்கும் கடலின் குழியும்

அறிவுச்செல்வியை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு எங்காவது நான் அவளைத் தாங்கி எழுதியது போலத் தெரிந்தால் கை தவறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. அவள் எங்கள் கீழப்பட்டிக்கு மருமகளாக வந்த புதிதில் என் தோப்புக்கு வேலி போட வேண்டியிருந்தது. சர்வே படித்த பெண் ஊருக்குள்ளேயே இருக்கும்போது வெளியாளைத் தேடிப் போவானேன் என்று அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். முக்காலியை நட்டு, அதன் தலையில் காளான் மாதிரி ஒரு கருவியைப் பொருத்தி, அரைநாள் தோப்பைச் சுற்றினாள். கடைசியில் வடக்கோரத்துத் தென்னைகள் இரண்டைக் கைகாட்டி, "இது ரெண்டும் உங்களோடது இல்ல மாமா, பக்கத்துத் தோட்டத்தோடது" என்றாள். பக்கத்துத் தோட்டக்காரன் அந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். சொந்தமாயிற்றே, கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதா என்று மெதுவாகக் கேட்டேன். "கோடு எங்க போகுதோ அங்கதான் மாமா போகும்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு முக்காலியை மடக்கினாள்.

அத்தோடு போயிருந்தாலும் சரி. அந்த இரண்டு மரங்களும் அடுத்த மழைக்குள் வண்டு விழுந்து பட்டுப்போயின. அன்றிலிருந்து நானும் ஊரோடு சேர்ந்து அவளைக் கரிநாக்கு என்று சொல்ல ஆரம்பித்தேன்.

வாயைத் திறந்து கெட்டதாக எதைச் சொன்னாலும் பலித்துவிடும் என்று பேர் வாங்கியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நாக்கில் கறுப்பாக ஒரு மச்சம் இருக்கும் என்பார்கள். அவள் கொட்டாவி விடும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவள் கையால் வாயை மூடிக்கொள்வாள். மூடிக்கொள்கிறாளே, அப்படியானால் இருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அந்தப் பேரை நாங்கள் வைக்கவில்லை. பிறந்த ஊரிலிருந்தே கொண்டுவந்தாள். சின்னாளப்பட்டியில் அவள் அப்பா சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர். பள்ளிக்கூடம் போகிற வயதில், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டிவைத்திருந்த சிவப்புச் சேலையைத் தொட்டுப் பார்த்து, "இது சாயம் போகும்" என்று சொல்லியிருக்கிறாள். கல்யாணம் சித்திரை மாதம். மணவறையில் வேர்த்த வேர்வையில் சாயம் இறங்கி, முந்தானை முடிச்சு வழியாக மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அவசரத்தில் அப்பா அந்தச் சேலையை ஊறவிடாமல் சீக்கிரமே எடுத்ததை அவள் பார்த்திருந்தாள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவள் அம்மா சாயத்தை விட்டுவிட்டு அவள் வாயில்தான் அடித்தாள்.

பிற்பாடு பாலிடெக்னிக்கில் சிவில் படித்தாள். நாலுவழிச் சாலை போடுகிறவர்களுக்கு அளவு எடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, அரியலூருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் வெயிலில் அலைந்தாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகிற எங்கள் ஊர்க் காத்தமுத்து, சாலை வேலை நடந்த இடத்தில் அவளைப் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டான். வேறு ஊர், வேறு ஆட்கள், பெண்ணுக்குப் படிப்பு அதிகம், வாய் அதைவிட அதிகம். எங்கள் ஊருக்கு அவளைப் பிடிக்காமல் போக இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அவளும் எங்களைப் பிடித்ததாக ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை. திண்டுக்கல் பேகம்பூரில் ரஹ்மத்துல்லாவின் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, நில அளவை என்று போர்டு மாட்டி, காலையில் ஸ்கூட்டியில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டாள்.

இப்போது வாய்க்கால் விவகாரத்துக்கு வருகிறேன்.

அகரத்துக்கு அப்பால் மேற்கே மேலப்பட்டி, கிழக்கே எங்கள் கீழப்பட்டி. இரண்டு ஊருக்கும் ஆளுக்கொரு குளம். மேலப்பட்டிக் குளத்துக்கு ஆற்றுத் தண்ணீர் வரும். எங்கள் குளத்துக்கு வானத்தை விட்டால் நாதியில்லை. அங்கே மிஞ்சுகிற தண்ணீரை ஆறு கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி இங்கே கொண்டுவருவது என்று அரசாங்கத்தில் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். மேலப்பட்டிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். வெட்டுகிறவன் கையை வெட்டுவோம் என்றார்கள். நாங்களும் பதிலுக்கு நல்ல வார்த்தையாக எதுவும் சொல்லவில்லை.

இதில் எங்களுக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. மேல என்றால் மேற்கு, மேல என்றால் உயரம். கீழ என்றால் கிழக்கு, கீழ என்றால் பள்ளம். இரண்டு ஊரின் பேரிலேயே வாட்டம் இருக்கும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அளந்து பார்க்க என்ன இருக்கிறது? மேற்கே கொடைக்கானல் மலை நிற்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கிழக்கே சிறுமலை நிற்பதை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை.

காண்ட்ராக்டர் தரப்பில் அளவெடுக்க வந்தவன் சந்தோஷ்குமார். வெயில் கண்ணாடி, முதுகில் பை, பறக்கவிட ஒரு ட்ரோன். சாட்டிலைட்டோடு பேசுகிற கம்பை அங்கங்கே ஊன்றி, இரண்டு மணி நேரத்தில் ஆறு கிலோமீட்டரையும் முடித்துவிட்டான். மேற்கிலிருந்து கிழக்கே ஒரு சாண் இறக்கம் இருக்கிறது, தண்ணீர் தானாக வரும் என்றான். கேட்க இனிப்பாக இருந்தது. டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தோம்.

எங்கள் குளத்துச் சங்கத் தலைவர் பொன்னுச்சாமி, ஊர் சார்பாக ஒரு சர்வேயர் கையெழுத்து இருந்தால் பந்தாவாக இருக்கும் என்று நினைத்தார். "நம்ம காத்தமுத்து பொண்டாட்டிதான் சும்மா கெடக்காளே" என்று பேப்பரை அவளிடம் கொடுத்தனுப்பினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அவளுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. அவள் அதைப் படித்துப் பார்த்தாள்.

படித்த கையோடு சந்தோஷ்குமாருக்கு போன் போட்டிருக்கிறாள். அப்போது நான் காத்தமுத்துவிடம் பேச அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் இரண்டு பக்கமும் காதில் விழுந்தது.

"தம்பி, நீங்க எழுதியிருக்கற உயரத்தப் பாருங்க. திண்டுக்கல் ஸ்டேஷன் மஞ்சப் பலகைல போட்ருக்கற உயரத்துக்கும் இதுக்கும் கிட்டத்தட்ட நூறு மீட்டரக் காணோம். எங்க போச்சு?"

"அது சாட்டிலைட் உயரம் மேடம். அப்பிடித்தான் காட்டும். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கொறைஞ்சிருந்தா, கழிச்சுப் பாக்கும்போது அடிபட்டுப் போயிரும்ல?"

"ஒரே மாதிரி கொறையல தம்பி. கெழக்க போகப் போகக் கூடக் கொறையுது. கிலோமீட்டருக்கு ரெண்டு மூணு விரக்கடை. புவியீர்ப்பு மாடலப் போட்டீங்களா? சாஃப்ட்வேர்ல அதுக்கு ஒரு டிக் இருக்கும்."

"ரிப்போர்ட் சப்மிட் பண்ணியாச்சு மேடம்" என்று வைத்துவிட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேட்கவே இல்லை, ஆனாலும் சொன்னாள். கொடியில் ஈரச் சேலை ஒன்று கிடந்தது. அதன் ஒரு தலைப்பைக் காத்தமுத்து கையிலும் மறுதலைப்பை என் கையிலும் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். நடுவில் தொய்ந்து தொங்கியது. "கடலும் இப்பிடித்தான் மாமா கெடக்கு. நமக்குத் தெக்க, எலங்கைக்கும் கீழ, பூமி இழுக்கற இழுவை ஒலகத்துலயே கம்மி. அங்க கடல் நூறு மீட்டருக்கு மேல குழிஞ்சு நிக்குது. நம்ம ஊரு அந்தக் குழியோட சரிவுல இருக்கு." இதை யார் இறங்கி அளந்தது என்று கேட்டேன். இரண்டு சாட்டிலைட்டை ஒன்றன் பின் ஒன்றாகப் பறக்கவிட்டிருக்கிறார்களாம். கீழே கனமான இடம் வந்தால் முன்னால் போவது கொஞ்சம் வேகமாக இழுபடும், இடைவெளி கூடும். முடி அளவு கூடினாலும் தெரியுமாம். அந்த இடைவெளியை வருஷக்கணக்காக அளந்துதான் பூமி எங்கே எவ்வளவு இழுக்கிறது என்று படம் போட்டிருக்கிறார்கள். "நம்ம உயரத்தச் சொல்ற சாட்டிலைட்டு வேற. அதுக்கு இழுவையெல்லாம் தெரியாது, மழமழன்னு ஒரு உருண்டைய நெனச்சுக்கிட்டு அதுலருந்து உயரஞ் சொல்லும். தண்ணி உருண்டையப் பாத்து ஓடாது மாமா. இழுவையப் பாத்துத்தான் ஓடும்."

நான் சேலையைக் கொடியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அது புரிந்ததா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை.

காத்தமுத்து இரண்டு நாள் லோடுக்குப் போகவில்லை. அவன் நீளக் கோல் ஒன்றைப் பிடிக்க, அவள் தூரத்தில் முக்காலியில் ரசமட்டக் கருவியை வைத்துப் பார்க்க, மேலப்பட்டிக் குளத்திலிருந்து எங்கள் குளம் வரை ஆறு கிலோமீட்டரையும் தத்தித் தத்தி அளந்தார்கள். சாட்டிலைட் எதையும் இதில் அவள் கூட்டுச் சேர்க்கவில்லை. மேலப்பட்டிக்காரர்கள் நாயை அவிழ்த்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள், மேலப்பட்டியில் இவளுக்கு என்ன வேலை என்று சந்தேகப்பட்டார்கள். அளந்து முடித்து, எங்கள் குளத்துக்கரையில் ஒரு கல்லை நட்டு சிமெண்ட் போட்டு, அதன் தலையில் உளியால் ஒரு அம்புக்குறி செதுக்கினாள்.

சமுதாயக்கூடத்தில் கூட்டம். ஃபேன் ஓடாத நாள். அவள் எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வாய்க்கால் தரை கெழக்க எறங்கல. கெழக்க நாலு விரக்கடை ஏறியிருக்கு. இப்பிடியே வெட்டித் தொறந்தா அங்கருந்து தண்ணி இங்க வராது. இங்க இருக்கறது அங்க போயிரும்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேலப்பட்டிக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்றது ஒரு குரல். பொன்னுச்சாமி கையைத் தூக்கி அமர்த்திவிட்டு, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்.

"ஏத்தா, நீ என்னமோ கடல்ல குழி இருக்குன்னு சொல்றியாமே?"

"ஆமா மாமா. தெக்கத்திக் கடல்ல."

"அப்ப அந்தப் பக்கம் பள்ளம். பள்ளம்னா தண்ணி அங்கிட்டுத்தான ஓடணும்? நீ சொல்றத வச்சே கெழக்க தான ஓடணும்? என்னப்பா, நாஞ் சொல்றது?"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. நானும் சிரித்தேன். நல்ல கேள்வி என்று இப்போதும் சொல்வேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "தண்ணிக்கு அது குழி இல்ல மாமா. தண்ணிக்கு அதுதான் மட்டம். உருண்டையா நெனச்சுப் பாக்கறவனுக்குத்தான் அது குழி. கடல் தண்ணி அந்தக் குழிக்குள்ள ஓடியா போச்சு? அசையாம நிக்குதுல்ல?"

"மட்டமாம் மட்டம். இவ ஆளே மட்டம்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் அவள். உட்காரவில்லை. "பூமி இழுக்கறதுல ஏறக்கொறைய இருக்கறது அம்புட்டும் மேலருந்து தெரியுது. நாம எல்லாரும் சேந்து போர் போட்டு உறிஞ்சி, பூமிக்கடியில கனங் கொறைஞ்சதுகூடத் தெரியுது. உங்க தோட்டத்த மட்டும் தனியாக் காட்டாது மாமா, அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்ல காலம்" என்றாள் பொன்னுச்சாமியைப் பார்த்து. அவருடைய மல்லிகைத் தோட்டத்தில் எத்தனை குழாய் இறங்கியிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அவர் முகம் கறுத்தது.

கடைசியாக அவள் ஒன்று கேட்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "சரி, நம்ப வேணாம். எங்க பேச்சே வேணாம். வாய்க்கால் வந்து சேர்ற எடத்துல ஒரு ஷட்டர் மட்டும் போடச் சொல்லுங்க. தப்பாப் போனா மூடிக்கலாம்."

"வர்ற லச்சுமிக்குக் கதவு போடச் சொல்றாளே பாவி" என்றாள் பொன்னுச்சாமியின் மனைவி சுந்தரம்மாள். கூட்டம் அத்தோடு முடிந்தது. ஷட்டர் போடவில்லை. அவளிடமிருந்த பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு வந்து, கையெழுத்தில்லாமலே அனுப்பினார்கள்.

ஐப்பசியில் மழை கிழக்கேயிருந்து வந்தது. நாலைந்து வருஷமாக இல்லாத மழை. எங்கள் குளம் பாதிக்கு மேல் பெருகி நின்றது. மேற்கே இன்னும் சரியாகப் பெய்யவில்லை, மேலப்பட்டிக் குளம் காலடி நனைகிற அளவுதான். ஆனாலும் மலையில் மழை பிடித்துவிட்டது, ஆறு வரப்போகிறது, அதற்குள் கரையை வெட்டித் திறந்துவிட வேண்டும் என்று பொன்னுச்சாமி நாள் பார்த்தார். வாய்க்கால் வேலை எல்லாம் முடிந்து, எங்கள் குளத்துக்கரை மட்டும்தான் குறுக்கே நின்றது.

ஊரே கரையில் கூடியது. மைக்செட், வாழைமரம், தேங்காய், சூடம். பழனிப் பக்கத்திலிருந்து வந்த ஜேசிபிக்காரன் வண்டிக்குச் சந்தனம் பூசிக்கொண்டு நின்றான். பொன்னுச்சாமி கையசைக்க, இயந்திரம் கரையை இரண்டு கொத்துக் கொத்தியது. மண் சரிந்து வாய் திறந்தது. தண்ணீர் சலசலவென்று வாய்க்காலுக்குள் நுழைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பொன்னுச்சாமி கழுத்திலிருந்த செவ்வந்தி மாலையைக் கழற்றி, கும்பிட்டு, தண்ணீரில் விட்டார்.

மாலை குளத்துக்குள் வரவில்லை. மேற்கே போனது.

குலவை நின்றது. காற்று அடிக்கிறது, அதனால்தான் என்றான் ஒருவன். மாலை சின்னதாகிக்கொண்டே போய்க் கண்ணுக்கு மறைந்தது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது, முதலில் மண் குடிக்கும், நிரம்பினதும் திரும்பிவிடும் என்றான் இன்னொருவன். தண்ணீர் நிரம்புவது போலத் தெரியவில்லை. போய்க்கொண்டே இருந்தது. அறுபட்ட வாய் அரித்து அரித்து அகலமாகியது. குளத்தின் ஓரத்தில் ஈரக் கோடு ஒன்று தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் இறங்குகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"அண்ணே, மூடிருங்கண்ணே" என்றேன். பொன்னுச்சாமி என்னைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தார். "செத்த நேரம் பொறுங்கடா. ரெண்டும் சமமாகட்டும், அப்பறம் தானா வரும்." ஊர் முழுக்கப் பார்க்கத் தன் கையால் திறந்ததைத் தன் கையால் மூட அவருக்கு மனம் வரவில்லை. அவர் சொல்லாமல் ஜேசிபிக்காரனுக்கு யார் சொல்வது? நாங்கள் ஆம்பளைகள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் தண்ணீர் எங்களை விட்டுப் போவதை வேடிக்கை பார்த்தோம்.

சுந்தரம்மாள்தான் ஓடினாள். காத்தமுத்து வீட்டுக்குப் போய், சமையலில் இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வரும் வழியெல்லாம் திட்டு. கரையில் நிறுத்தி, "நீ வச்ச வாய்தாண்டி இது! சொன்ன வார்த்தைய நீயே எடு! தண்ணி வரும்னு சொல்லு!" என்று கத்தினாள். கூட்டமும் சேர்ந்துகொண்டது. சொல்லு, சொல்லு என்று நாலு பக்கமும் குரல். ஒருத்தி மண்ணை வாரி அவள் மேல் வீசினாள்.

அறிவுச்செல்வி தண்ணீரைப் பார்த்தாள். அவள் பார்த்தவுடனே கணக்குப் போட்டுவிட்டாள் என்பது தெரிந்தது. "மாமா, மூடச் சொல்லுங்க. ராவுக்குள்ள கொளம் காலியாயிரும். அந்தக் கல்லுலருந்து மட்டம் எடுத்து நான்..." என்று ஆரம்பித்தாள்.

"மட்டம்னு பேசின, மரியாத கெட்டுரும்" என்றார் பொன்னுச்சாமி. "தண்ணி இப்பத் திரும்பும். நீ மட்டும் வாயத் தொறக்காம இரு."

அவள் வாயைத் திறந்தாள்.

எப்போதும் கையால் மூடிக்கொள்கிற அந்த வாயை அகலத் திறந்து, நாக்கை முழுதாக வெளியே நீட்டினாள். நீட்டியபடியே பொன்னுச்சாமி பக்கம் திரும்பினாள், சுந்தரம்மாள் பக்கம் திரும்பினாள், கரையில் நின்ற எங்கள் அத்தனை பேர் பக்கமும் திரும்பினாள். முன்வரிசையில் நின்றவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். பிறகு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னாள்.

"பாத்துக்கிட்டீங்கள்ல? கேட்டுக்கங்க. இந்த வாய இப்பவே மூடலேன்னா, இந்த ஊர்ல ஒரு பானையில தண்ணி நிக்காது. ஒரு கெணத்துல நிக்காது. பெத்தவ மாருல பால் நிக்காது. நான் சொல்றேன். கரிநாக்கு சொல்றேன்."

சுந்தரம்மாள் "ஐயோ" என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பொன்னுச்சாமி என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, அவர் வாயைத் திறப்பதற்குள் ஜேசிபிக்காரன் வண்டியில் ஏறிவிட்டான். "ஏனுங்க, நமக்கெதுக்குங்க இந்த வம்பு, புள்ளகுட்டி இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே கரை மண்ணை வாரி வாரி அந்த வாயில் கொட்டினான். ஆண்களும் பெண்களும் சட்டியிலும் கையிலும் மண்ணை அள்ளிப் போட்டார்கள். நானும் போட்டேன். ஓடுகிற தண்ணீர் இளைத்து, கசிந்து, நின்றது. குளத்தில் பாதிக்குப் பாதி மிஞ்சியது.

அவள் கரையின் அந்தப் பக்கச் சரிவில் போய் உட்கார்ந்து துப்பட்டாவால் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் சும்மா போயிருக்கலாம். "நல்லவேளை" என்றேன்.

"என்ன நல்லவேளை? ரெண்டு நாள் வெயில்ல நடந்து அளந்தேன் மாமா. ஒருத்தர் நம்பல. நாக்க நீட்டினேன், மொத்த ஊரும் நம்புது. அசிங்கமா இருக்கு. உங்கள எல்லாம் பாத்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு" என்று அழுதாள். அருவருப்பு என்ற வார்த்தையை என் முகத்துக்கு நேராக ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் மட்டும் வந்தது. நாக்கில் மச்சம் இருந்ததா என்று கேட்பீர்கள். நான் முன்வரிசையில்தான் நின்றேன். காலையில் வெற்றிலை போட்டிருப்பாள் போல, சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு மேலதிகாரிகள் வந்தார்கள். வாய்க்காலைத் திரும்ப மட்டம் பார்த்தார்கள், போட்டிருந்த அளவு தப்பு என்று எழுதினார்கள், கிழக்குப் பக்கத்துத் தரையை வெட்டித் தாழ்த்தவும் ஷட்டர் போடவும் உத்தரவானது. சந்தோஷ்குமார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்வி. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவு தப்பு என்று சொன்னால் எங்களுக்குச் சப்பென்றிருந்தது. கரிநாக்கு வாய் வைத்தாள், தண்ணீர் போனது, கரிநாக்கே மூடச் சொன்னாள், நின்றது. இதைத்தான் மேலப்பட்டி வரைக்கும் சொல்கிறார்கள். அங்கே இப்போது அவள் போனால் நாயைக் கட்டிப்போடுகிறார்கள். பேகம்பூர் ஆபீசுக்கு வருகிறவர்களில் சிலர், அளக்க வேண்டாம், எங்கள் பங்காளி தோட்டத்துப் பக்கம் வந்து ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்கிறார்களாம். ரஹ்மத்துல்லா கீழேயே மறித்து அனுப்புகிறார். "மேல நாக்கு இல்லண்ணே, டேப்புதான் இருக்கு" என்பாராம்.

தரையைத் தாழ்த்தும் வேலை தொடங்குகிற நாள், மட்டம் பார்க்க அதிகாரிகள் அவளையே அனுப்பினார்கள். அவள் கரையில் நட்ட கல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வந்து பார்த்தால் கல்லைக் காணோம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழ மாலை போட்டு, அம்புக்குறி இருந்த தலையில் வேப்பிலையைக் குவித்திருந்தார்கள். சுந்தரம்மாள் பக்கத்தில் காவல் மாதிரி நின்றாள்.

அறிவுச்செல்வி எலுமிச்சைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். வேப்பிலையைத் தள்ளிவிட்டு, அம்புக்குறியை விரலால் தேய்த்துத் துலக்கினாள். கோலைப் பிடிக்கக் காத்தமுத்து அன்றைக்கு ஊரில் இல்லை. வேறு யாரும் அந்தக் கல்லைத் தொட வரவில்லை. ஜேசிபிக்காரனும் வரவில்லை. எனக்கு என்ன கேடு என்று தெரியவில்லை, நான் போய்ப் பிடித்தேன். கல்லில் ஒரு முறை, வாய்க்கால் தரையில் ஒரு முறை, மேற்கே போகப் போக இன்னும் பல முறை. வெயில் ஏறியது. நடுவில் அவள் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பாருங்க மாமா" என்று விலகிக்கொண்டு, கோலை அவள் போய்ப் பிடித்தாள்.

குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கறுப்பும் சிவப்புமாக எண்கள் பக்கத்தில் தெரிந்தன. குறுக்கே மெல்லிய கோடு. மேற்கே வைத்தபோது கோடு ஒரு எண்ணில் நின்றது. கிழக்கே வைத்தபோது அதற்குக் கீழே நின்றது. கோலில் எண் குறைந்தால் தரை உயரம் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். இப்படி மேலப்பட்டி வரைக்கும் வந்ததையெல்லாம் அவள் கூட்டிக் காட்டினாள், நாலு விரல். கிழக்குதான் உயரம். பிறந்ததிலிருந்து கீழே என்று நான் நினைத்துக்கொண்டிருந்த என் ஊர் மேலே இருந்தது.

கரைக்குத் திரும்பியபோது பொன்னுச்சாமியும் இன்னும் பத்துப்பேரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணே, நானே பாத்தேன். கெழக்கதான் உசரம். நாலு விரக்கடை. கோட்டுல சுத்தமாத் தெரியுது. தரையத் தாழ்த்தினா தண்ணி வந்துரும்" என்றேன்.

பொன்னுச்சாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பாத்தது கெடக்கட்டும்ப்பா. தண்ணி வரும்னு அவ வாயால சொன்னாளா?"